தண்டிக்கும் உரிமை யாருக்கு?

குருநாகலையிலிருந்து கண்டிக்குச் செல்லும் சாலை சமவெளியை விட்டு மலையேறும் கணவாயில் கலகெதர அமைந்துள்ளது. கல்வீடு என்று பொருள்படும் சிங்களப் பெயர் அது. இன்று நெல்வயலும் தென்னந்தோப்பும் சிறு கடைத்தெருவும் கொண்ட ஊர். அன்றோ கண்டி இராச்சியத்தின் வாயில்களில் ஒன்று. 1803 பெப்ரவரியில் ஜெனரல் மக்டவலின் படை கொழும்பிலிருந்து புறப்பட்டு வந்தபோது, கலகெதர, கிரிஹாகம என்னும் இரு அரண்களையும் வீழ்த்திய பின்னரே கண்டி நகரை எட்ட முடிந்தது. அந்தப் படையெடுப்பு சில மாதங்களில் பேரழிவில் முடிந்தது. ஆனால் 1815இல் மீண்டும் வந்த ஆங்கிலேயர் திரும்பிப் போகவில்லை.

துப்பாக்கியும் பீரங்கியும் மலைநாட்டுக்குள் நுழைந்த கதையைப் பாடப் புத்தகங்கள் கூறும். அவற்றின் பின்னால் நுழைந்த மற்றொன்றைப் பற்றியே நாம் இங்குப் பேச விரும்புகின்றோம். குற்றம் எது என்று வரையறுக்கும் அதிகாரம், மனிதனைப் பிடித்து அடைக்கும் அதிகாரம், அவனைத் தீர்ப்பிட்டு உயிரையும் பறிக்கும் அதிகாரம் ஆகியவற்றைப் பற்றியது அது. சட்டத்தை ஆக்குவோர் ஒருவர், நிறைவேற்றுவோர் மற்றொருவர், தீர்ப்பளிப்போர் வேறொருவர் என்று இம்மூன்றும் பிரிந்து நிற்க வேண்டும் என 1748இல் பிரெஞ்சு அறிஞர் மொந்தெஸ்கியு எழுதினார். மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் குடிமகனுக்குப் பாதுகாப்பில்லை என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஏட்டில் அழகாயிருக்கும் இந்தக் கோட்பாடு கண்டிச் சீமையின் மண்ணில் எவ்வாறு நடந்தது? ஏழை எளியவரை அது காத்ததா, கைவிட்டதா? வரலாற்றையே சாட்சியாக அழைப்போம்.

அரசனின் வாளும் தேசாதிபதியின் கையெழுத்தும்

கண்டி அரசில் மூன்று அதிகாரங்களும் அரசனின் ஒரே ஆளில் அடங்கியிருந்தன. சிறு வழக்குகளைக் கிராமத்துப் பெரியோர் கூடும் கம்சபை தீர்த்தது. அதற்கு மேல் திசாவைகளும் அதிகார்களும் விசாரித்தனர். உயிரைப் பறிக்கும் தண்டனையை மட்டும் அரசன் தன் கையில் வைத்திருந்தான். வழமை என்னும் வேலி அவனைச் சுற்றி இருந்தது உண்மையே. அரசன் அந்த வேலியைத் தாண்டினால் தடுத்து நிறுத்த ஒருவருமில்லை என்பதும் உண்மையே. 1814இல் எஹெலபொல அதிகாரின் குற்றத்துக்காக அவருடைய மனைவியும் குழந்தைகளும் கொல்லப்பட்டனர். தந்தை செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்துக்குக் குழந்தையின் தலை விலையாயிற்று. பிரதானிகளின் மனம் அரசனை விட்டு அகன்றதற்கு இது ஒரு காரணமாயிற்று. ஆங்கிலேயரும் இதனையே தம் படையெடுப்புக்கு நியாயமாகக் காட்டினர்.

1815 மார்ச்சில் கையெழுத்தான கண்டி உடன்படிக்கையைப் படிப்போர், குற்றநீதி பற்றி அதில் மூன்று வாசகங்கள் உள்ளதைக் காண்பர். உடலை வதைப்பதும் உறுப்புகளைத் துண்டிப்பதும் ஒழிக்கப்பட்டன. தேசாதிபதியின் எழுத்தாணை இன்றி எந்த மரண தண்டனையும் நிறைவேற்றப்படலாகாது என்று விதிக்கப்பட்டது. நீதி பரிபாலனம் பழைய முறைப்படியே நடைபெறும், ஆனால் குறைகளைத் திருத்தும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டு என்றும் எழுதப்பட்டது. முதலாவது வாசகம் மனிதகுலத்துக்கு நன்மை செய்தது. அதை மறுப்பது வரலாற்றுக்குச் செய்யும் வஞ்சனையாகும். இரண்டாவதை மட்டும் கூர்ந்து நோக்குவோம். அரசனிடமிருந்த உயிர் அதிகாரம் நீதிபதியிடம் போகவில்லை, தேசாதிபதியிடம் போயிற்று. நிருவாகத் தலைவனே கடைசி நீதிபதியாகவும் இருந்தான். 1818இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டபோது கெப்பெட்டிப்பொல திசாவையை இராணுவ நீதிமன்றம் விசாரித்தது. அவர் கண்டியில் தலை வெட்டப்பட்டு இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 21ஆம் நாள் பிரகடனம் பிரதானிகளின் நீதி அதிகாரத்தையும் பெருமளவு சுருக்கிற்று.

1833ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். கோல்புரூக், கமரன் ஆகியோரின் விசாரணையைத் தொடர்ந்து சட்ட நிரூபண சபையும் நிருவாக சபையும் தோன்றின. அதே ஆண்டின் நீதிச் சாசனம் கண்டிக்கும் கரையோரத்துக்கும் ஒரே உயர் நீதிமன்றத்தை அமைத்தது. இலங்கையில் மூன்று கிளைகளும் ஒரே ஆண்டில் பெயரளவிலாவது பிரிந்தன. பெயரளவில் என்று நாம் கூறுவதற்குக் காரணம் உண்டு. சட்ட நிரூபண சபையின் 15 பேரில் 9 பேர் அரசாங்க உத்தியோகத்தர். தலைமை வகித்தவர் தேசாதிபதி.

ஆயினும் புதிதாய்ப் பிறந்த நீதிமன்றம் விரைவிலேயே தன் இருப்பைக் காட்டிற்று. இராசத் துரோகச் சதி என்ற குற்றச்சாட்டில் மொல்லிகொட அதிகாரும் வேறு சிலரும் கண்டியில் உயர் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். 1835 ஜனவரியில் ஜூரிகள் அவர்களைக் குற்றமற்றோர் எனத் தீர்த்தனர். 17 ஆண்டுகளுக்கு முன் ஒரு பிரதானியின் தலையைக் கொண்ட அரசாங்கம், இப்பொழுது ஜூரிகளின் ஒரு சொல்லுக்கு முன் நிற்க வேண்டியதாயிற்று.

1848: ஒரே நகரில் இரண்டு நீதிகள்

அந்தக் கட்டுப்பாடு எவ்வளவு மெல்லியது என்பதை 1848 காட்டிற்று. நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வீதி அமைக்க ஆண்டில் ஆறு நாள் உடலுழைப்பு அல்லது அதற்கீடாகப் பணம் எனத் தேசாதிபதி டொரிங்டனின் அரசாங்கம் மக்கள் மீது சுமைமேல் சுமையேற்றிற்று. வரி விதித்த சபையில் வரி கொடுத்த குடியானவனுக்கு இடமில்லை. ஜூலை மாதத்தில் மாத்தளையும் குருநாகலையும் கொதித்தெழுந்தன. தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். கலகெதர போன்ற ஊர்கள் குருநாகலைக்கும் கண்டிக்கும் நடுவில், எரியும் இரு முனைகளுக்கிடையில் கிடந்தன.

ஜூலை 29ஆம் நாள் கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. அக்டோபர் 10 வரை அது நீடித்தது. கலகம் சில நாட்களிலேயே அடங்கிவிட்டது. இராணுவச் சட்டமோ இரண்டு மாதங்களுக்கு மேல் அடங்கவில்லை. புரன் அப்பு ஆகஸ்டு 8ஆம் நாள் கண்டியில் சுடப்பட்டான். ஆகஸ்டு 26ஆம் நாள் குடாபொல தேரர் என்னும் பௌத்த துறவி காவியுடையுடனேயே சுடப்பட்டார். அவருக்கெதிரான சாட்சியம் ஐயத்துக்குரியது எனக் கருதிய அரசாங்க வழக்கறிஞர் செல்பி தண்டனையைத் தள்ளிவைக்குமாறு தேசாதிபதியிடம் நேரில் முறையிட்டார். டொரிங்டன் அதைச் செவிமடுக்கவில்லை. அரசாங்கத்தின் சொந்தச் சட்ட அதிகாரியே சந்தேகித்த ஒரு தண்டனை மறுநாள் நிறைவேறிற்று. இராணுவ நீதிமன்றங்களின் ஆணையால் உயிரிழந்தோர் 18 பேர்.

இதே காலத்தில் இதே கண்டியில் பிரதம நீதியரசர் ஒலிபந்தின் தலைமையில் உயர் நீதிமன்றமும் கூடிற்று. இராசத் துரோகம் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோர் அங்கும் விசாரிக்கப்பட்டனர். அங்கே ஜூரிகள் இருந்தனர், வழக்கறிஞர் இருந்தனர், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்ய இடமிருந்தது. பலர் விடுதலை பெற்றனர். மரண தண்டனை விதிக்கப்பட்டவர்களுக்கும் கருணை காட்டுமாறு பிரதம நீதியரசரே பரிந்துரைத்தார். அவர்களுடைய உயிர் தப்பிற்று. கலகத்தின் முடிசூடிய தலைவனான கொங்காலேகொட பண்டா பிந்திப் பிடிபட்டதால் சாதாரண நீதிமன்றத்தின் முன் வந்தான். அவனுக்கு விதித்த மரண தண்டனை கசையடியாகவும் நாடுகடத்தலாகவும் மாறிற்று. அரசனாக முடிசூடியவன் பிழைத்தான். அவனுடைய ஆட்கள் என்று பிடிபட்டோர் மாண்டனர். குற்றத்தின் அளவா இந்த வேறுபாட்டைத் தீர்மானித்தது? எந்த வாயிலின் வழியாக ஒருவன் உள்ளே இழுக்கப்பட்டான் என்பதே தீர்மானித்தது.

இந்தச் செய்தி கடல் கடந்தது. பிரிட்டிஷ் பாராளுமன்றம் விசாரணைக் குழுவை அமைத்தது. 1850இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். இலண்டன் பாராளுமன்றம் கொழும்பின் நிருவாகத்தைக் கட்டுப்படுத்தியது என்று நாம் மகிழலாம். ஆனால் 1851இல் கண்டனத் தீர்மானம் அதே பாராளுமன்றத்தில் தோல்வியுற்றது. உத்தியோகம் போயிற்று, தண்டனை ஏதும் வரவில்லை.

1915: மௌனமான நீதிமன்றம்

1915 மே மாதத்து இறுதியில் கண்டி நகரில் சிங்களருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரம் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. முஸ்லிம் மக்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் சூறையாடப்பட்டன, உயிர்கள் பலியாயின. அந்தக் கொடுமைக்குக் காரணமானோரைச் சட்டத்தின் முன் நிறுத்துவது அரசின் கடமையே. அரசோ வேறு வழியை எடுத்தது. ஜூன் 2 முதல் ஆகஸ்டு 30 வரை இராணுவச் சட்டம் நிலவிற்று. சாதாரண நீதிமன்றங்கள் திறந்தே இருந்தபோதும் இராணுவ நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 26 வயது இளைஞரான ஹென்றி பெதிரிஸ் ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் அடைக்கப்பட்டனர். அடைக்கப்பட்டோருள் ஒருவருக்காக உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர் மனு வந்தபோது, இராணுவச் சட்டம் நிலவும் வேளையில் தலையிட முடியாது என்று நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. அதன்பின் அதிகாரிகளின் செயல்களுக்குப் பொறுப்பகற்றும் ஆணையும் இலண்டனிலிருந்து வந்துவிட்டது. நிருவாகம் செய்தது, நீதிமன்றம் பார்த்திருந்தது, மேலிடம் மன்னித்தது. மூன்று கிளைகளும் ஒரே மரமாயின. 1919இல் ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பின்னர் இந்தியாவிலும் இதே பொறுப்பகற்றும் சட்டம் வந்ததை நினைவு கூர்வோர், இது ஒரு தீவின் விபத்தன்று, ஏகாதிபத்தியத்தின் முறை என்பதை உணர்வர்.

இந்த வேளையில் கட்டுப்பாடு வேறோர் இடத்திலிருந்து வந்தது. சட்ட நிரூபண சபையில் படித்த இலங்கையரின் பிரதிநிதியாக இருந்த பொன்னம்பலம் இராமநாதன் இங்கிலாந்து சென்று முறையிட்டார். 1916இல் இலண்டனில் நூலொன்றும் வெளியிட்டார். தமிழர் ஒருவர் சிங்கள மக்களுக்காகக் குரலெழுப்பினார் என்பதை நாம் பெருமையுடன் கூறலாம். அந்தக் குரலில் முஸ்லிம் மக்களின் துயர் தக்க இடம் பெறவில்லை என்பதையும் நேர்மையுடன் கூற வேண்டும். ஒரு சாராருக்கு நீதி கேட்கும்போது மறுசாராரின் காயத்தை மறைப்பது முழு நீதியாகாது.

1915இல் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த ரெஜினால்டு ஸ்டப்ஸ் என்பவரே 1937இல் தேசாதிபதியாயிருந்தார். மடுல்கலையில் தோட்டத் தொழில் பழக வந்து, தொழிலாளருக்காகப் பேசத் துணிந்த ஆஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேர்டிலை நாடுகடத்த அவர் ஆணையிட்டார். இம்முறை உயர் நீதிமன்றம் மௌனம் காக்கவில்லை. பேச்சுரிமையைப் பயன்படுத்திய காரணத்துக்காக ஒருவரைப் பிடித்து நாடுகடத்த முடியாது என்று பிரதம நீதியரசர் ஏபிரகாம்சின் தலைமையிலான ஆயம் 1937 மே மாதம் தீர்ப்பளித்தது. 22 ஆண்டுகளில் நீதிமன்றம் மாறியது ஏன்? இடையில் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்திருந்தது, தொழிற்சங்கங்கள் தோன்றியிருந்தன, வீதியில் மக்கள் திரண்டிருந்தனர். நீதியரசர்கள் சட்டத்தைத்தான் படித்தனர். ஆனால் மூடிய அறையில் இருந்து படிக்கவில்லை.

கோவிந்தன் சிந்திய இரத்தம்

1940 ஜனவரியில் கண்டி மாவட்டத்தின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டுத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். மலையகத் தொழிலாளர் இயக்கத்தின் முதல் தியாகி என்று அவர் இன்றும் நினைக்கப்படுகிறார். அவருடைய மரணத்துக்குப் பின் நடந்தது, அரசின் கிளைகளைப் பற்றிய பாடமாகும்.

அன்றிருந்த டொனமூர் அரசியலமைப்பில் பொலிஸ் நிருவாகம் மக்கள் பிரதிநிதியான உள்நாட்டமைச்சர் டி. பி. ஜயதிலகவிடம் இருந்தது, சட்ட அதிகாரிகளோ தேசாதிபதியால் நியமிக்கப்பட்ட சட்டச் செயலாளரிடம் இருந்தனர். துப்பாக்கிச் சூடு பற்றி விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் விசாரணை முடியும்வரை தொழிலாளர் மீதான வழக்குகளைத் தள்ளிவைக்கக் கோருமாறு அமைச்சர் பொலிஸ் மா அதிபருக்குப் பணித்தார். பொலிஸ் மா அதிபர் பாங்க்ஸ் மறுத்தார். தேசாதிபதி கால்டிகொட் அவர் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர் குழு முழுவதும் பதவி துறந்தது. பின்னர் சமரசம் ஏற்பட்டு மீண்டது.

இதனை இரு கண்களாலும் நோக்க வேண்டும். அமைச்சர் ஒருவர் நீதிமன்றத்திலுள்ள வழக்கின் போக்கில் பொலிசுக்கு ஆணையிடலாமா? இன்று தொழிலாளருக்கு நன்மையாகப் பயன்படும் அதிகாரம் நாளை அவர்களுக்கு எதிராகவும் பாயும். அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் சுட்டவரே வழக்குத் தொடுநரும் ஆகி, சுடப்பட்டவரின் தோழர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்போது, மக்களால் தெரிவு செய்யப்பட்ட அமைச்சர் வாய்மூடி இருக்க வேண்டும் என்பதா அதிகாரப் பிரிவினை? பொலிசார் எவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி அன்று தீர்க்கப்படவில்லை. அமைச்சர்கள் பதவிக்குத் திரும்பினர், கோவிந்தன் திரும்பவில்லை.

சுதந்திரம் வந்ததும் இன்னொரு வேதனை சேர்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. அச்சட்டங்களை எதிர்த்து எழுந்த கோடக்கன் பிள்ளை வழக்கில் 1953இல் பிரிவி கவுன்சில் அவை செல்லும் என்றே தீர்த்தது. இதன் விளைவை எண்ணிப் பார்ப்போம். தண்டனைச் சட்டக்கோவை அவர்களையும் தண்டிக்கும். அதை இயற்றும் சபையில் மட்டும் அவர்களுக்கு வாயில்லை. மூன்று கிளைகளும் எவ்வளவு ஒழுங்காகப் பிரிந்து நின்றாலும், வேரில்லாத மனிதனுக்கு எந்தக் கிளையிலும் நிழல் கிடையாது.

பின்னோக்கிப் பாயும் சட்டம்

அந்நியர் போன பின்னராவது அதிகாரம் அடங்கிற்றா? பண்டாரநாயக்க அரசாங்கம் 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் மரண தண்டனையை இடைநிறுத்திற்று. 1959 செப்டம்பரில் அவரே சுடப்பட்டு மாண்டார். பாராளுமன்றம் உடனே மரண தண்டனையை மீட்டது. முன்பு நடந்த கொலைக்கும் பொருந்துமாறு பின்னோக்கிப் பாயச் செய்தது. கொலையைச் சொன்ன அச்சட்டம் கொலைச் சதியைச் சொல்ல மறந்தது. எனவே சதிக்காரர் இருவரின் மரண தண்டனை மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனையாயிற்று. சுட்ட சோமராம தேரர் மட்டும் 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். சினத்தில் எழுதும் சட்டம் தான் நினைத்ததையும் சாதிப்பதில்லை.

1962 ஜனவரி 27ஆம் நாள், இராணுவ, பொலிஸ் உயர் அதிகாரிகள் சிலர் திட்டமிட்ட சதிப்புரட்சி நிறைவேறு முன்னரே முறியடிக்கப்பட்டது. தெரிவு செய்யப்பட்ட அரசாங்கத்தை ஆயுதத்தால் கவிழ்க்க முனைந்த மேல்தட்டு அதிகாரிகளிடம் நமக்கு அனுதாபம் ஏதுமில்லை. எனினும் அரசாங்கம் செய்ததைப் பாருங்கள். அவர்களுக்கென்றே 1962ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் எழுதப்பட்டது. அது நடந்து முடிந்த செயலுக்கும் பாய்ந்தது. ஜூரி அகற்றப்பட்டது. சாட்சிய விதிகள் தளர்த்தப்பட்டன. குறைந்தது 10 ஆண்டு மறியலும் சொத்துப் பறிமுதலும் விதியாயின. விசாரிக்கும் நீதியரசர்களைப் பெயர் குறிப்பிடும் உரிமை நீதி அமைச்சருக்கு அளிக்கப்பட்டது.

அமைச்சர் பெயர் குறித்த மூன்று நீதியரசர்கள் ஆயத்தில் அமர்ந்து முதலில் கூறியது என்ன? தம்மை நியமித்த முறையே செல்லாது என்பது! டி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. த சில்வா, ஸ்ரீஸ்கந்தராஜா ஆகியோரின் அத்தீர்ப்பு இந்நாட்டு நீதி வரலாற்றில் தனி இடம் பெற்றது. பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. வேறோர் ஆயம் 1965 ஏப்ரலில் 24 பேரில் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது. 1965 டிசம்பர் 2ஆம் நாள் லியனகே வழக்கில் பிரிவி கவுன்சில் அவர்களையும் விடுவித்தது. குறிப்பிட்ட சிலரைத் தண்டிப்பதற்கென்று சட்டம் இயற்றி நீதிமன்றத்தின் கையைக் கட்டுவது சட்டமியற்றல் ஆகாது, தீர்ப்பில் கைவைப்பதாகும் என்பதே அதன் கருத்து. 1953இல் தோட்டத் தொழிலாளிக்குத் திறவாத அக்கதவு 1965இல் அதிகாரிகளுக்குத் திறந்தது. தத்துவம் சரியானதே, அது எல்லோரையும் ஒரே வேளையில் எட்டவில்லை.

அந்தப் பாடம் நெடுநாள் நிலைக்கவில்லை. பிரிவி கவுன்சிலுக்கான மேன்முறையீடு 1971இல் ஒழிந்தது. அடிமைத் தளையொன்று அறுந்தது என்ற வகையில் அது சரியே. அதற்கீடான காவல் இங்கே எழுப்பப்படவில்லை என்பதே குறை. 1971 ஏப்ரல் கிளர்ச்சிக்குப் பின்னர் வந்த 1972ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கக் குற்றவியல் நீதி ஆணைக்குழுச் சட்டம் சாட்சிய விதிகளை ஒதுக்கிற்று; மேன்முறையீட்டையும் மறுத்தது. 1977இல் அது நீக்கப்பட்டது. 1979இல் வந்த 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதைவிட ஆழமாக வேரூன்றிற்று. பொலிசாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் செல்லாது என 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் காத்துவந்த வேலியை அது பிடுங்கியெறிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சர் முன் அளித்த ஒப்புதலே ஒருவனைச் சிறையிடப் போதுமானதாயிற்று. அமைச்சரின் கையெழுத்தில் 18 மாதம் வரை தடுப்புக் காவல் சாத்தியமாயிற்று. மூன்று ஆண்டுகளுக்கென வந்த சட்டம் 1982இல் நிரந்தரமாயிற்று. 2022ஆம் ஆண்டின் திருத்தமே தடுப்புக் காவலை 12 மாதமாகக் குறைத்தது. தமிழ் இளைஞர் ஆயிரக்கணக்கில் அதன் வாயில் விழுந்தனர். 1980களின் இறுதியில் தெற்கின் சிங்கள இளைஞரையும், 2019க்குப் பின் முஸ்லிம்களையும் அது விட்டுவைக்கவில்லை. பிறருக்கென வெட்டிய குழி எவருக்கும் குழியே.

நாம் காணும் உண்மை

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 4ஆம் உறுப்புரை, மக்களின் நீதி அதிகாரம் நீதிமன்றங்களின் வாயிலாகப் பாராளுமன்றத்தால் செயற்படுத்தப்படும் என்கிறது. நிறைவேறிய சட்டத்தை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க 80ஆம் உறுப்புரை தடை செய்கிறது. பின்னோக்கிப் பாயும் குற்றச் சட்டத்தை 13ஆம் உறுப்புரை மறுக்கிறது. 1815இல் தேசாதிபதியின் பேனாவில் இருந்த உயிர் அதிகாரம் மன்னிப்பளிக்கும் உரிமையாக சனாதிபதியின் பேனாவில் தொடர்கிறது. காப்பும் பொறியும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து இருக்கின்றன.

இவ்வளவு நெடிய வரலாறு நமக்குக் கூறுவது யாது? சமாதான காலத்தில் மூன்று கிளைகளும் தத்தம் எல்லையில் நிற்கும். அச்சம் சூழும் வேளையில் நிருவாகம் முந்தும். சட்டசபை அதற்கு வழி விடும். நீதிமன்றம் தனித்து விடப்படும். அந்த வேளையில் 1835இன் ஜூரிகளைப் போலவும் 1962இன் நீதியரசர்களைப் போலவும் சிலர் நிமிர்ந்து நின்றதுண்டு. அவர்கள் நிற்பதற்குத் தெம்பளிக்கும் மக்கள் இயக்கம் இருக்கும்போது அந்த நிமிர்வு நிலைக்கிறது. இல்லாதபோது அது ஏட்டுச் சுரைக்காயாய் முடிகிறது.

ஆகவே நாம் கோர வேண்டியவை தெளிவானவை. நடந்த செயலுக்குப் பிறகு குற்றம் எழுதப்படலாகாது. பொலிஸ் நிலையத்தின் ஒப்புதல் சாட்சியம் ஆகலாகாது. வழக்குத் தொடுப்பவர் அமைச்சரின் நிழலில் நிற்கலாகாது. தடுத்து வைக்கப்படும் எந்த மனிதனும் அன்றோ மறுநாளோ நீதவானின் முகத்தைக் காண வேண்டும். நாம் வெறுப்பவனுக்கும் இவை உரியவை என்று ஒப்புக்கொள்ளும் நாளில்தான் இவை நமக்கும் உரியவையாகும். கலகெதரவின் சிங்களக் குடியானவனுக்கும், அதே சாலையில் கடை வைத்திருக்கும் முஸ்லிம் வணிகனுக்கும், மலைக்கு மேலே கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்ணுக்கும் இதில் வேறு வேறு நலன்கள் கிடையா. 1848இல் சிங்களத் துறவி, 1915இல் சிங்கள இளைஞர், 1940இல் தமிழ்த் தொழிலாளி என்று அதிகாரத்தின் துப்பாக்கி ஆள் மாற்றி ஆள் மாற்றிக் குறிவைத்தது. குறிவைக்கப்பட்டவரின் சந்ததியினர் ஒன்றுசேர்ந்து கேட்க வேண்டிய கேள்வியை அவரவர் தனித்தனியே கேட்டுக்கொண்டிருப்பதே அந்தத் துப்பாக்கியின் பலம்.